கேள்வி ஜன்னலும் ஒரு குட்டிக் காலும்

அருங்காட்சியகத்துக்கு வாசல் பெரியது. தூண் வைத்தது. ஆனால் ஜனங்கள் வருவதென்னவோ பக்கவாட்டில் இருக்கும் ஒரு ஜன்னலுக்குத்தான்.

அதற்குப் பெயர் கேள்வி ஜன்னல். தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும். பழைய காலத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் வந்து எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வாசல் வழியாக உள்ளே போனால் செருப்பைத் துடைக்க வேண்டும், குடையைக் கொடுத்துவிட வேண்டும், தும்மல் வந்தால் அடக்க வேண்டும். ஜன்னலில் அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. கையில் காய்கறிப் பையோடு வந்து, "சார், நகவெட்டி இல்லாத காலத்துல நகத்தை என்னதான் பண்ணாங்க?" என்று கேட்டுவிட்டுப் போகலாம்.

எந்தப் போர் எந்த ஆண்டில் நடந்தது என்று அந்த ஜன்னலில் யாரும் கேட்டதே இல்லை. அதைப் பரீட்சையில் கேட்டுக்கொள்வார்கள். ஜன்னலில் கேட்பது வேறு. ராஜா குறட்டை விட்டால் அதை அவரிடம் யார் சொல்வது? கடிகாரம் இல்லாத ஊரில், "ஏன் லேட்டு?" என்று எப்படித் திட்டுவது? கிரீடம் போட்டிருக்கும்போது தலை அரித்தால் என்ன செய்வது?

அங்கே உட்கார்ந்து பதில் சொல்பவர் ஏன்குட்டியின் அப்பா.

ஏன்குட்டிக்கு வயது பத்து. குழந்தையாக இருந்தபோது அவள் பேசிய முதல் வார்த்தை 'அம்மா' இல்லை, 'அப்பா' இல்லை. 'ஏன்'. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. "இவ வாயைத் திறந்தா கேள்வி, மூடினா கனவு" என்று அம்மா சொல்வாள். அது பொய்யில்லை. தட்டில் இருக்கும் கரண்டியைப் பார்த்தால்கூட, 'உலகத்திலேயே முதல் கரண்டியைச் செய்தவருக்கு அதற்கு முன்னால் எத்தனை முறை கை சுட்டிருக்கும்!' என்று யோசிக்கத் தொடங்கிவிடுவாள். அதற்குள் சாப்பாடு ஆறிப்போகும். அம்மா சூடாகிவிடுவாள்.

ஜன்னலில் பதில் சொல்ல அப்பாவுக்கு ஒரு முறை உண்டு.

"நம்மகிட்ட மூணு டப்பா இருக்கு, குட்டி. ஒண்ணு 'தெரியும்' டப்பா. இன்னொண்ணு 'தெரியாது' டப்பா. நடுவுல 'இப்படி இருந்திருக்கலாம்' டப்பா. எந்த டப்பாவுல இருந்து எடுக்கறோம்னு சொல்லிட்டுத்தான் பதிலை எடுக்கணும். மாத்திப் போட்டா என்ன ஆகும்?"

"காபியில உப்பு விழும்" என்பாள் ஏன்குட்டி.

அது வீட்டில் ஒருமுறை நடந்திருக்கிறது. டப்பாவை மாற்றி வைத்தவர் யார் என்பதை அப்பா இன்றுவரை 'தெரியாது' டப்பாவில்தான் வைத்திருக்கிறார்.

ஒரு விடுமுறை நாளில் அப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் எண்ணெய் போடாத கதவு மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. அதனால் ஏன்குட்டி பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அப்பா நடித்துக் காட்ட வேண்டும், அவள் பேச வேண்டும் என்று ஏற்பாடு.

முதலில் தபால்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தார்.

"சார், முகம் பார்க்கற கண்ணாடி வர்றதுக்கு முன்னாடி ஜனங்க முகத்தை எதுல பார்த்துக்கிட்டாங்க?"

அப்பா தலையை மேலும் கீழும் ஆட்டினார். அப்படியென்றால் 'தெரியும்' டப்பா. பிறகு இரண்டு கைகளையும் வட்டமாகக் குவித்து, குனிந்து, அதற்குள் உற்றுப் பார்த்தார்.

"கிணத்துல எதையோ போட்டுட்டாங்க" என்றாள் ஏன்குட்டி.

அப்பா இல்லையென்று தலையாட்டினார். மறுபடி குனிந்தார். இந்த முறை மீசையை வேறு முறுக்கினார்.

"சூப்புல மீசை விழுந்திடுச்சு!"

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். தபால்காரருக்கு ஒரே குஷி. "நிதானமா நடிங்க சார், எனக்கு இன்னிக்கு தபால் கம்மிதான்" என்றார்.

"ஆங்! பாத்திரத்துல தண்ணி ஊத்தி அதுல பார்த்தாங்க! செம்பைப் பளபளன்னு தேய்ச்சும் பார்த்தாங்க. சரிதானேப்பா?"

அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார்.

அடுத்து, படம் வரையும் ஒரு அக்கா வந்தாள். கன்னத்தில் பென்சில் கரி.

"ரப்பர் இல்லாத காலத்துல பென்சில் கோட்டை எதால அழிச்சாங்க?"

இது ஏன்குட்டிக்கே தெரியும். "ரொட்டித் துணுக்கால! 'தெரியும்' டப்பா!"

"ஐயோ, எனக்கு தினமும் ஒரு முழு ரொட்டி வேணுமே" என்றாள் அக்கா. "பாதிப் படம் முடியறதுக்குள்ள அழிரப்பரையே தின்னுட்டு உட்கார்ந்திருப்பேன்."

மதியம் தெரு அடங்கியது. வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மெல்லத் தரையில் நீட்டியது. அப்பா வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தார். ஏன்குட்டியின் கண்கள் திறந்தபடியே வேறு எங்கோ போய்விட்டன. அங்கே எல்லாரும் ரொட்டியால் எழுதி, பென்சிலைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"இந்தக் கால் யாரோடது?"

குரல் வந்தது. ஆளைக் காணோம். ஜன்னல் திட்டுக்கு மேலே கொஞ்சம் கலைந்த முடி மட்டும் தெரிந்தது. அதற்குக் கீழே இரண்டு கண்கள் எழும்பின. மறுபடி இறங்கின. ஐந்தாறு வயதுப் பொடியன் ஒருவன் எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் கேட்டது திட்டில் இருந்த செங்கல்லைப் பற்றி. உள்ளங்கை அகலத்துக்கு மூன்று மடங்கு இருக்கும் பழைய செங்கல். அருங்காட்சியகத்தில் தொட்டுப் பார்க்க அனுமதி உள்ள ஒரே பொருள் அதுதான். அதன் மேல்பக்கத்தில் ஒரு குட்டிக் கால் பதிந்திருந்தது. ஐந்து விரல்களும் ஐந்து சின்னக் குழிகள். கட்டைவிரல் குழி மட்டும் கொஞ்சம் ஆழம்.

"ரொம்ப ரொம்பப் பழைய காலத்துல இருந்த ஒரு பிள்ளையோடது" என்றாள் ஏன்குட்டி. "களிமண்ணை அச்சுல போட்டு, வெயில்ல வரிசையா காய வெச்சிருப்பாங்க. அப்போ ஒரு பிள்ளை வந்து மிதிச்சிருக்கு. அப்புறம் அதைச் சூளையில வெச்சு சுட்டிருக்காங்க. அதனால கால் அப்படியே நின்னுடுச்சு. இது 'தெரியும்' டப்பா."

"அந்தப் பிள்ளையைத் திட்டினாங்களா?"

ஏன்குட்டி அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையை இடமும் வலமுமாக அசைத்தார்.

"அது தெரியாது."

"அடிச்சாங்களா?"

"அதுவும் தெரியாது, பொடியா."

பொடியன் போகவில்லை. திட்டைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றான். இன்னொரு காலை முதுகுப்பக்கமாக மடக்கி வைத்திருந்தான். ஏதோ விளையாட்டு என்று ஏன்குட்டி நினைத்தாள்.

"இல்ல, உங்களுக்குத் தெரியும். கேள்வி ஜன்னல்ல எல்லாம் தெரியும்னு எங்கம்மா சொல்லுச்சு." அவனுடைய உதடு பிதுங்கியது. "அக்கா, அந்தப் பிள்ளைக்கு அப்புறமும் கால் இருந்துச்சா?"

இப்படி ஒரு கேள்வி அந்த ஜன்னலுக்கு இதுவரை வந்ததில்லை. ஏன்குட்டி எழுந்து கம்பிகளுக்கு இடையில் முகத்தை வைத்து எட்டிப் பார்த்தாள்.

மடக்கியிருந்த கால் சாம்பல் நிறத்தில் இருந்தது. விரல் இடுக்கெல்லாம் சிமெண்டு.

"அச்சச்சோ! எதுல கால் வெச்ச?"

அவ்வளவுதான். அடைத்திருந்த குழாயில் தண்ணீர் வந்த மாதிரி பொடியனுக்கு அழுகையும் கதையும் ஒன்றாக வந்தன. அவனுடைய அம்மா பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். கடை வாசலுக்குப் புதிதாகப் படி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கொத்தனார் சிமெண்டு பூசி முடித்துவிட்டு, "இதுல யாராவது கால் வெச்சீங்க, அந்தக் காலைக் கழட்டி காக்காய்க்குப் போட்டுடுவேன்" என்று சொல்லியிருக்கிறார். பொடியனின் பந்து உருண்டது. பொடியன் பந்தை மட்டும்தான் பார்த்தான்.

"காக்கா ரெண்டு அங்கயே உட்கார்ந்திருக்கு, அக்கா" என்று விம்மினான்.

அப்பா அதற்குள் வாளியில் தண்ணீரோடு வெளியே ஓடியிருந்தார். ஈரச் சிமெண்டு தோலில் இருந்தால் எரிச்சல் எடுக்கும். அவர் காலைக் கழுவ, பின்னாலேயே ஓடிவந்த ஏன்குட்டி விரல் இடுக்குகளைத் துடைத்தாள். தண்ணீர் மாற்றி மாற்றி ஊற்றினார்கள். சாம்பல் போய் ரோஜா நிறத்தில் ஒரு குட்டிக் கால் வெளியே வந்தது. பொடியன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"எரியுதா?"

"இல்ல. ஆனா நான் வீட்டுக்குப் போகல. இங்கயே இருந்துடறேன். பழைய பொருளுங்களோட ஒரு ஓரமா."

"உன்னைப் பழைய பொருள்னு யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள் ஏன்குட்டி. "உனக்கு இன்னும் பல்லே சரியா விழல."

அவன் சிரிக்கவில்லை. செங்கல்லையே பார்த்தான்.

'ஒண்ணும் பண்ணலடா, அந்தப் பிள்ளையைக் கொஞ்சிட்டு விட்டுட்டாங்க' என்று சொல்லிவிட்டால் என்ன? அரை நிமிட வேலை. பொடியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவிடுவான். அப்பாவால் குறுக்கே பேசவும் முடியாது. வார்த்தை ஏன்குட்டியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அங்கே வந்ததும் உப்புக் கரித்தது.

தெரியாததைத் தெரியும் என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டாள். வாயை மூடினால் அவளுக்குக் கனவு வருமே, வந்தது.

ஒரு பெரிய வெட்டவெளி. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஈரச் செங்கற்கள். ஒரு குட்டிப் பிள்ளை ஓடுகிறது. சளக்! நின்று திரும்பிப் பார்க்கிறது. பெரியவர் ஒருவர் வருகிறார். அவருக்கு முகம் இல்லை, வெயில்தான் இருக்கிறது. குனிந்து அந்தச் செங்கல்லை எடுக்கிறார். அப்புறம்... அப்புறம் என்ன செய்தார்?

அட, அது செங்கல்லுக்குத்தானே தெரியும்!

"அப்பா, இதைக் கொஞ்சம் தூக்குங்களேன். அடியில பார்க்கணும்."

தொடலாம், தூக்கக் கூடாது என்பதுதான் விதி. ஆனால் ஜன்னல்காரரே தூக்கலாம். அப்பா இரண்டு கையாலும் பிடித்து, குழந்தையைத் தூக்குவது மாதிரி மெதுவாகத் தூக்கினார். ஏன்குட்டியும் பொடியனும் கீழே புகுந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

அடிப்பக்கத்தில் வெள்ளையாக, சொரசொரப்பாக ஏதோ ஒட்டிக் காய்ந்து கிடந்தது.

"இது என்னதுப்பா?"

அப்பா செங்கல்லை மார்போடு சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் கரண்டியில் எதையோ எடுத்து அப்புகிற மாதிரி காட்டினார்.

"தோசை மாவு" என்றான் பொடியன்.

"இல்லடா. சாந்து! கல்லோட கல்லை ஒட்ட வெக்கற சாந்து!" ஏன்குட்டி செங்கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "அடியில இருக்கு. நாலு ஓரத்துலயும் இருக்கு. மேல மட்டும் இல்ல. கால் இருக்கற பக்கத்துல துளிகூட இல்ல!"

அப்பாவின் புருவம் உயர்ந்தது. அவரும் குனிந்து பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, 'சொல்லு, சொல்லு' என்பது போலத் தலையசைத்தார்.

"பொடியா, கேட்டுக்கோ. மொதல்ல 'தெரியும்' டப்பா. இந்தக் கல்லை அவங்க தூக்கிப் போடல. சுட்டாங்க. சாந்து வெச்சுத் தரையில பதிச்சாங்க. கால் மேல பார்க்கற மாதிரி பதிச்சாங்க. பிடிக்கலன்னா குப்புறப் போட்டு ஒட்டியிருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

பொடியன் மூக்கை உறிஞ்சினான். "நிஜமா?"

"நிஜமா. இப்போ நடு டப்பா. அவங்களுக்கு அந்தக் கால் பிடிச்சும் இருந்திருக்கலாம். யாராவது கேட்டா, 'இது எங்க வீட்டு வாலோட வேலை'ன்னு காட்டியிருக்கலாம்."

"திட்டினது?"

"அது மட்டும் 'தெரியாது' டப்பாதான்."

பொடியன் செங்கல்லில் இருந்த குட்டிக் காலை ஒருமுறை தடவினான். பிறகு ஏன்குட்டியின் விரலைப் பிடித்தான். "நீயும் வர்றியா?"

அப்பா ஜன்னல் கதவைச் சாத்திவிட்டுக் கூடவே வந்தார்.

தையல் கடை வாசலில் கொத்தனார் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே பொடியனின் அம்மா, தோளில் அளவு டேப்போடு நின்றுகொண்டிருந்தாள்.

"பிள்ளைகிட்ட பேசற பேச்சா அது? எங்க போய் ஒளிஞ்சானோ! தெரு பூரா தேடிட்டேன்!"

"விளையாட்டுக்குச் சொன்னேன் தங்கச்சி. என் பிள்ளைங்ககிட்ட தினமும் அதான் சொல்றேன். அதுங்க என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கறதில்ல. ஒரு பிள்ளை நம்பும்னு நான் கண்டேனா?"

அப்போது அம்மா பொடியனைப் பார்த்துவிட்டாள். "டேய்!" என்று ஓடிவந்து அவனை அள்ளிக்கொண்டாள். அள்ளிய கையோடு, "செருப்பில்லாம தெருவுல ஓடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! சொல்லாம கொள்ளாம போவியா?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். அது அடியா தட்டிக்கொடுப்பா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

பொடியன் அம்மாவின் இடுப்பில் இருந்து இறங்கினான். கொத்தனார் முன்னால் போய் நின்றான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வலது காலை நீட்டினான்.

"நான்தான் மிதிச்சேன், மாமா. கழுவிட்டேன்."

கொத்தனார் அந்தக் காலைப் பார்த்தார். கூரையில் இருந்த காக்கைகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கழுவிட்டியா? போச்சு போ. கழுவின காலை காக்கா தொடவே தொடாது. நீயே வெச்சுக்க வேண்டியதுதான்."

பொடியன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"ஆனா, அடுத்த தடவை பந்து உருண்டா என்னைக் கூப்பிடு. நான் எடுத்துத் தர்றேன். சரியா?"

"சரி மாமா." இரண்டாவது கண்ணும் திறந்தது.

புதுப் படியின் நடுவில், ஓரமாகக்கூட இல்லை, சரியாக நடுவில், ஒரு குட்டிக் கால் பதிந்திருந்தது. ஐந்து விரல்கள். கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் ஆழம்.

ஏன்குட்டி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதே கால்தான் இத்தனை காலமும் ஓடி ஓடி இப்போதுதான் இங்கே வந்து சேர்ந்ததோ என்று அவளுக்குத் தோன்றியது.

"இன்னும் முழுசா இறுகல. தண்ணி தெளிச்சு இழுத்து விட்டா சரியாயிடும்" என்று கொத்தனார் கரண்டியை எடுத்தார்.

"மாமா, ஒரு நிமிஷம்!" என்றாள் ஏன்குட்டி. "எங்க ஜன்னல்ல ஒரு செங்கல் இருக்கு. அதுலயும் இதே மாதிரி ஒரு கால். அதைச் செஞ்சவங்க மறைக்கல. தரையில மேல பார்க்க வெச்சாங்க."

கரண்டி பாதியில் நின்றது. "வேணும்னேவா வெச்சாங்க?"

"அது தெரியாது. வெச்சாங்கன்னு மட்டும் தெரியும். சாந்து அடியில இருக்கு, மேல இல்ல."

"சாந்து அடியில இருந்தா மேல பார்க்கத்தான் இருந்திருக்கு" என்று கொத்தனார் ஒப்புக்கொண்டார். "பாவம், அந்த ஆளுக்கும் ஒரு பொடியன் வந்து வாய்ச்சிருக்கான்." பிறகு தையல்கார அம்மாவைப் பார்த்தார். "படி உன்னோடது, தங்கச்சி. நீதான் சொல்லணும். இழுத்து மூடவா, அப்படியே விடவா?"

அம்மா படியைப் பார்த்தாள். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்த பொடியனைப் பார்த்தாள். "இவன் சட்டையைப் போன மாசம்தான் தைச்சேன். அதுக்குள்ள கை குட்டையாயிடுச்சு" என்றாள். என்ன சம்பந்தம் என்று யாருக்கும் புரியவில்லை. அவளே குனிந்து அவன் சட்டைக் கையை இழுத்துவிட்டு, "விட்டுடுங்க அண்ணா. இந்தக் கால் இந்த அளவுல எத்தனை நாளைக்கு இருக்கப்போகுது?" என்றாள்.

கொத்தனார் கரண்டி நுனியால், கட்டைவிரல் குழிக்குள் விழுந்திருந்த ஒரு சிறு கல்லை எடுத்து எறிந்தார். ஓரத்தில் பிசிறிக்கொண்டிருந்த சிமெண்டை விரலால் தடவிச் சரிசெய்தார். பின்னால் சாய்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"நல்ல காலு. பூசினவனும் நல்ல வேலைக்காரன்" என்றார்.

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். எண்ணெய் போடாத கதவுச் சத்தம் வந்தது. காக்கைகள் இரண்டும் பயந்து பறந்துபோயின. பொடியன் விழுந்து விழுந்து சிரித்தான்.

திரும்பி வரும்போது தெருவெல்லாம் மஞ்சள் வெயில். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபடியே ஏன்குட்டி மறுபடி எங்கோ போய்விட்டாள்.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு அப்புறம். தையல் கடை இல்லை. இந்தத் தெரு இல்லை. எங்கோ ஒரு ஜன்னல். அதன் திட்டில் உடைந்த சிமெண்டுப் படி ஒன்று. யாரோ ஒரு பொடியன் எம்பி எம்பிப் பார்க்கிறான். 'இந்தப் பிள்ளையைத் திட்டினாங்களா?' என்று கேட்கிறான். ஜன்னலில் இருப்பவர் பாவம், தலையை இடமும் வலமுமாக ஆட்டுகிறார்.

ஏன்குட்டிக்குப் பொறுக்கவில்லை. நடுத்தெருவில் நின்று, அங்கே கேட்கும் அளவுக்கு உரக்கக் கத்தினாள்:

"கொஞ்சம்தான்! செருப்பில்லாம ஓடினதுக்கு! 'தெரியும்' டப்பா!"